எட்டாவது நாள்

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். பல்செட் செய்கிறவன் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு பழமொழியும் கிடையாது. இருந்திருந்தால் அவன் கொஞ்சம் முன்னாலேயே சுதாரித்திருப்பானோ என்னவோ.

ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பதினாறு வருஷமாக அவன் பல்செட் செய்துகொண்டிருந்தான். முன்னறையில் டாக்டரம்மா வாயைப் பார்ப்பார். பின்னறையில் இவன் வாயின் அச்சைப் பார்ப்பான். அச்சில் வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றுவான், இறுகியதும் மெழுகால் ஈறு கட்டுவான், ஒவ்வொரு பல்லாக நடுவான், வேகவைப்பான், ராவுவான், மெருகு போடுவான். சுவரை ஒட்டிய மர அலமாரியில் மாவு வாய்கள் வரிசையாக இருக்கும், நெற்றியில் எண் எழுதாத குறையாக. தெருவில் எதிர்ப்படுகிறவரின் முகம் அவனுக்கு மறந்துபோகும். அவர் சிரித்துவிட்டால் போதும், எந்த வருஷம் எந்தப் பல் வைத்தோம் என்பதுவரை சொல்லிவிடுவான்.

செட்டைக் கொடுக்கும்போது புத்தி சொல்வதும் அவன் வேலைதான். டாக்டரம்மாவுக்கு அடுத்த வாய் காத்திருக்கும். அதனால் வருகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து, செட்டை மாட்டிவிட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஐந்தாறு வாக்கியம் சொல்வான். பதினாறு வருஷமாக ஒரு சொல் கூடியதில்லை, குறைந்ததில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்.

அவனுக்கு ஒரே மகள், நாலு வயது. பிறந்தபோது கறுத்துச் சிறுத்து இருந்தாள் என்று அவள் அம்மா மிளகு என்று கூப்பிட ஆரம்பித்தாள். பேச்சு வந்த பிறகு அந்தப் பெயருக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. அப்படி ஒரு வாயாடி. அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். விடுமுறை நாளில் பிள்ளையை ஒரு சுற்று பயணியாகக் கூட்டிப்போனால், இறங்குகிறவர்களிடமெல்லாம் "ஏன் இங்க எறங்கறீங்க? உங்க வீடு இங்கதான் இருக்கா? யாரு சமைச்சிருப்பா?" என்று விசாரிக்காமல் விடமாட்டாள். பள்ளியில் சேர்த்த மாதமே டீச்சர் கூப்பிட்டு, "இவ வாய்க்குப் பூட்டு எந்தக் கடையிலயாவது கிடைக்குமா?" என்று கேட்டார். அம்மா அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாய்க்குத்தான் பூட்டு விழுந்தது. போட்டவன் யார் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு விடிவதற்கு முன்பே முதல் வண்டி. சீக்கிரம் படுத்துவிடுவாள். பிள்ளையைத் தூங்கவைப்பது அவன் பொறுப்பு. மிளகு லேசில் தூங்குகிற ரகமில்லை. பாட்டில் நிறையப் பால், அதில் ரெண்டு கரண்டி சர்க்கரை, வாயில் வைத்தால் அஞ்சு நிமிஷத்தில் அடங்கிவிடுவாள். ரப்பரைச் சப்பியபடியே தூங்கிப்போவாள். அவனும் நிம்மதியாகப் புரண்டு படுத்துவிடுவான். மூன்று வயது தாண்டியும் அந்தப் பாட்டில் போகவில்லை. "இனிப்பைத் தின்னுட்டு வாய் கொப்பளிக்காமலா படுக்கறீங்க?" என்று ஊராரை அதட்டுகிற அதே வாய், வீட்டில் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. மேல் வரிசையில் ஈறோரமாகப் பழுப்புக் கோடு விழுந்ததைப் பார்க்காமல் இல்லை. பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போவதுதானே என்று இருந்துவிட்டான். தெருவில் போகிற யாரும் சொல்கிற சமாதானம்தான் அது. அவன் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் மேலுதடு வீங்கிப்போய் எழுந்தாள். டாக்டரம்மா விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இவன் பக்கம் திரும்பவில்லை. மேலே முன்பல் நாலும் வேர்வரை போய்விட்டது, எடுத்தாக வேண்டும் என்றார். புதுப் பல் வர இன்னும் மூன்று வருஷமாவது ஆகும்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மிளகு கையால் முகத்தைத் தடவினாள்.

"அப்பா, என் உதட்டைக் காணோம்."

"இருக்குடா. தொட்டுப் பாரு."

"தொட்டா தெரியலையே. நீ தொடு. உனக்குத் தெரியுதா?"

அவன் தொட்டான். பல்செட்டுக்குப் பொடியோடு கலக்கிற திரவத்தில் வருஷக்கணக்காக ஊறியதில் அவன் விரல்நுனிகள் எப்போதோ மரத்துவிட்டவை. அவனுக்கும் தெரியவில்லை. "தெரியுது" என்றான். பிறகு அவள் கால்களைப் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா நாலையும் எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டார். நாலு அரிசிக் குருணை அளவுதான் இருந்தது. அன்றைக்கு அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டே போயிருந்தான், அழுகை வரவில்லை. பிள்ளையின் உதட்டுக்கு ரெண்டு மணி நேரத்தில் உணர்வு திரும்பிவிட்டது. அவனுக்குத் திரும்பவில்லை.

வீட்டில் அவள் அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "பல்லு செய்யற கையை வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டுத் தட்டுக் கழுவப் போய்விட்டாள். மீதியையும் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லாததால் அந்தப் பாதி வாக்கியம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவன் சாப்பிட்டான், குளித்தான், வேலைக்குப் போனான். ஒன்றும் தெரியவில்லை.

பள்ளியில் பிள்ளைகள் அவளைக் கிழவி என்றார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்த்ததைச் சொல்கிற வயசு. இரண்டு நாள் மிளகும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். மூன்றாம் நாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"நாலு பல்லு வெச்சு, கழட்டி மாட்டற மாதிரி ஒரு தட்டு பண்ணிப் போட்டுடுங்க செட்டுக்காரரே. சாப்பிடணும், பேசணும், நாலு பிள்ளைங்க மத்தியில சிரிக்கணும். வளர்ற வயசு" என்றார் டாக்டரம்மா.

அவன் செய்தான். அவன் பெட்டிகளில் இருந்ததெல்லாம் பெரியவர்கள் பல். இருப்பதிலேயே சின்னதாக நாலைப் பொறுக்கி, பால் பல் அளவுக்கு ராவி ராவிக் குறைத்தான். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொள்ளக் கம்பி வளைத்தான். உள்ளங்கையில் பாதிகூட வராத தட்டு, நாலு சாயங்காலம் பிடித்தது. வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை அவன் செய்ததில்லை. செய்து முடித்தபோதும் மனதில் ஒன்றும் இல்லை. கை மட்டும் வேலை தெரிந்து வேலை செய்தது.

மிளகை ஸ்டூலில் உட்காரவைத்து மாட்டினான். முதல் தடவையிலேயே 'டக்'கென்று உட்கார்ந்தது. கண்ணாடியைக் கொடுத்தான். கண்ணாடியைக் கொடுத்ததும் வாய் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஒரு வாரத்துக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க. பேச்சைக் குறைச்சுக்குங்க. வாயை அகலமாத் திறந்து சிரிக்காதீங்க, கழண்டுரும். கீழ விழுந்தா உடைஞ்சிரும். படுக்கும்போது கழட்டித் தண்ணியில போட்டு வைங்க."

பெற்ற மகளுக்கு 'ங்க' போட்டுப் பேசினோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. மிளகுக்கு உறைத்தது. அப்பா தன்னைப் பெரிய மனுஷியாக மதித்து ஏதோ முக்கியமான விஷயம் சொல்கிறார் என்று முதுகை நிமிர்த்திக் கேட்டாள். முடித்ததும் "சரிங்க" என்றாள்.

அதுதான் அந்தத் தட்டோடு அவள் பேசிய முதல் சொல். ஏறக்குறைய கடைசிச் சொல்லும்.

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. இங்கே பல் வந்த பிறகுதான் சொல் போனது. கேட்டால் தலையை ஆட்டுவாள். வேண்டும் என்றால் கை நீட்டுவாள். சிரிப்பு வந்தால் உதட்டை மடித்து அமுக்கிக்கொள்வாள், தோள் மட்டும் ஒருமுறை குலுங்கி நிற்கும். பிஸ்கட்டைக்கூடப் பாலில் கரைத்தால்தான் குடிப்பாள். ஆப்பிள் நறுக்கிவைத்தால் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தள்ளிவிடுவாள். படுக்கப்போகும்போது மறக்காமல் தட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போடுவாள், காலையில் பல் துலக்கியதும் முதல் காரியமாக எடுத்து மாட்டிக்கொள்வாள். அந்தப் பொறுப்பைப் பார்த்து ஆரம்பத்தில் இருவருக்கும் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் போனது. அம்மா ஓட்டுநர் உடுப்பைக் கழற்றாமலேயே ஒரு மத்தியானம் பள்ளிக்குப் போய்வந்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"புகழ்ந்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "இந்த மாதிரி ஒரு பிள்ளையப் பார்த்ததே இல்லையாம். வாயில விரலை வெச்சாக்கூட கடிக்கத் தெரியாதாம். பூட்டு கிடைக்குமான்னு கேட்டாங்களே, அதே டீச்சர். எனக்கு அங்கேயே கத்தணும் போல இருந்துச்சுங்க."

அவளுக்குக் கத்தவாவது தோன்றியது. அவன் கேட்டுக்கொண்டான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான்.

இரண்டாவது மாதக் கடைசியில் டாக்டரம்மா தட்டைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், ஈறை அமுக்கிப் பார்த்தார். எடை மேடையில் ஏற்றினார். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சமில்லை.

"வலிக்குதாம்மா?"

தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"எங்க, சிரிச்சுக் காட்டு."

மூடிய உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "வாய்க்குள்ள ஒரு குறையும் இல்ல. பல்லைத்தான் புடுங்கினேன்னு நினைச்சேன், கூட வேற எதைப் புடுங்கினேனோ தெரியல" என்றார். குழந்தைகள் மனசைப் பார்க்கிற டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் கிடைத்தது. பிள்ளை பழையபடி வாயைத் திறப்பாளா என்று அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடிதத்தை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். துவைக்க ஊறப்போட்ட சட்டையிலிருந்து அவள் அம்மா அதை எடுத்து உலர்த்தினாள்.

வியாழனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று மத்தியானமே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். அம்மா வண்டியில் இருந்தாள். அவன் போய் மிளகைக் கூட்டிவந்து பின்னறையில் விட்டான். உடைந்துபோன பழைய மாவு வாய்கள் ஒரு கூடையில் கிடந்தன. அவள் தரையில் உட்கார்ந்து, மேல்வாயையும் கீழ்வாயையும் தேடிப் பொருத்தி, ஒவ்வொரு வாயாக மூடி வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டு ராவும் வேலையைத் தொடர்ந்தான்.

அப்போதுதான் ஏலக்காரம்மா வந்தாள். மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவள். அவள் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். மேல் செட்டு முழுசும் புதிது.

"தம்பி, என் பல்லு வெந்துருச்சா? மூணு வாரமா சந்தையில என்னை ஊமையாக்கிட்டீங்க. நான் நாப்பதுன்னு கூவினா அவனுங்களுக்கு நாலுன்னு கேக்குதாம். கேக்குமா கேக்காதா?"

அவன் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து செட்டை மாட்டினான். கண்ணாடியைக் கொடுத்தான்.

"ஒரு வாரத்துக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க" என்று ஆரம்பித்தவன், தரையில் ஏதோ அசைவது கண்டு குனிந்தான். மிளகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"பேச்சைக் குறைச்சுக்குங்க" என்றான். உதடும் அதையே சொன்னது. "வாயை அகலமாத் திறந்து..." அவன் நிறுத்தினான். உதடு நிற்கவில்லை. சிரிக்காதீங்க, கழண்டுரும். கீழ விழுந்தா உடைஞ்சிரும். அவன் சொல்லாமலேயே கடைசிவரை போய், தண்ணியில போட்டு வைங்க என்பதோடு மூடிக்கொண்டது. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

"என்னா தம்பி, பாதியில நின்னுட்டீங்க?" என்றாள் ஏலக்காரம்மா. "ஒரு வாரம் நான் பேசாம இருந்தா மீனு எல்லாம் திரும்பக் கடலுக்கே போயிரும். சரி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து தொலைக்கறேன். எட்டாவது நாளு?"

பதினாறு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒரு வாரம் என்றால் ஏழு நாள், எட்டாம் நாள் அவரவர் பாடு என்று எல்லோருக்கும் தெரியும்.

"எட்டாவது நாள்ல இருந்து உங்க இஷ்டம்" என்றான். அவன் குரல் அவனுக்கே தூரத்தில் கேட்டது. "கடிக்கலாம். பேசலாம். கத்தலாம்."

மிளகு கையிலிருந்த மாவு வாயைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் முழங்காலருகே நின்றாள்.

"எனக்கு எட்டாவது நாள் எப்பப்பா?"

ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி குரல் கரகரத்தது. பல் இருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. அவன் செய்த தட்டு அவ்வளவு நல்ல தட்டு.

தட்டு மாட்டி ஒன்பது வாரம் ஆகியிருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு வாரம் என்பது என்ன? கடல் பார்க்க அடுத்த வாரம் போகலாம் என்பார்கள், சைக்கிள் அடுத்த வாரம் என்பார்கள். பெரியவர்கள் வந்துவிட்டது என்று சொன்னால்தான் வாரம் வரும். யாரும் சொல்லவில்லை. அவளும் காத்திருந்தாள். கிழவி என்றவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல், பசியோடு, சிரிப்பு வரும்போதெல்லாம் அதை அமுக்கிக்கொண்டு, அப்பா சொன்ன ஒரு வாரத்தை ஒன்பது வாரமாக இருந்து முடித்திருந்தாள். அவளுடைய எட்டாவது நாள் ஐம்பத்தாறு நாளைக்கு முன்னாலேயே வந்து, யாரும் கதவைத் திறக்காததால் போய்விட்டிருந்தது.

ஏலக்காரம்மா சிரிக்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான்" என்றான் அவன்.

"காலையிலயே வந்துருச்சா?"

"காலையிலயே வந்துருச்சுடா. அப்பாதான் சொல்ல மறந்துட்டேன்."

"கடிக்கலாமா?"

"கடிக்கலாம்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த அறையில் மெழுகும் மாவும் கம்பியும்தான் இருந்தன. அவன் ஆள்காட்டி விரலை நீட்டினான். மிளகு விரலைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள். மெதுவாக வாயைத் திறந்தாள். ஒன்பது வாரம் சேர்த்துவைத்த பலத்தோடு கடித்தாள்.

"யம்மாடி!" என்றாள் ஏலக்காரம்மா.

விரலில் நாலு பல்லும் வரிசையாகப் பதிந்திருந்தன. ஓரத்தில் ஒரு புள்ளி ரத்தம். தட்டு இம்மியும் நகரவில்லை. மிளகு நாக்கால் தடவி அதை உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் கேட்டாள்.

"வலிக்குதாப்பா?"

விரல் நுனியில் ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்குது" என்றான். பொய்யில்லை.

"அப்ப கத்துப்பா" என்றாள் மிளகு. "இன்னிக்குக் கத்தலாம்."

அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். இந்த ஆளுக்கு இதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாளோ என்னவோ, அலமாரியில் இருந்த மாவு வாய்கள் அதிர, அவளே ஒரு கத்துக் கத்திக் காட்டினாள். முன்னறையில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மா ஓடிவந்தார்.